ஆறே ஆறு திகில் புத்தகங்கள் என்றால் எவற்றை எடுப்பீர்கள்?

கருக்கல்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊரில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒரு புத்தகம், கடைசி ஞாயிறு மாலை கூடிப் பேசுவோம். அடுத்த ஆறு மாதத்துக்குத் திகில் இலக்கியம் என்று முடிவாகியிருக்கிறது. உலக அளவில், எல்லாக் காலத்துக்கும் சேர்த்து, ஆகச் சிறந்தவை என்று ஆறு புத்தகம் எடுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. இரண்டு வாரமாக இதே யோசனைதான்.

முதலில் மனதில் வந்தபடி எழுதிய பட்டியல் இது: மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்', எட்கர் ஆலன் போவின் கதைகள், பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', லவ்கிராஃப்ட்டின் கதைகள், வில்லியம் பீட்டர் பிளாட்டியின் 'தி எக்ஸார்சிஸ்ட்', ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்'. யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பெயர்களைத்தான் சொல்வார்கள், அதனாலேயே இதன் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சரி, ஒவ்வொன்றாக மறுபடி படிப்போம் என்று 'டிராகுலா'வில் தொடங்கினேன். முதல் நான்கு அத்தியாயங்கள், ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் டிராகுலா பிரபுவின் கோட்டையில் மாட்டிக்கொள்ளும் பகுதி, இப்போதும் உலுக்குகிறது. பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி போல இறங்குவதை ஹார்க்கர் ஜன்னல் வழியே பார்க்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்க் கூடத்து விளக்கைப் போட்டேன். ஆனால் கதை இங்கிலாந்துக்கு வந்த பிறகு டிராகுலா கண்ணில் படுவதே அபூர்வம். நாலைந்து ஆண்கள் கூடித் திட்டம் போடுகிறார்கள், ரயில் நேரம் பார்க்கிறார்கள், மறுபடி திட்டம் போடுகிறார்கள். பக்கம் பக்கமாகப் போகிறது, பயம் வரவில்லை.

அங்கேதான் சிக்கிக்கொண்டேன். சிறந்தது என்றால் எதை வைத்துச் சொல்வது? பின்னால் வந்த எல்லோருக்கும் வழி போட்டுக் கொடுத்த புத்தகமா, அல்லது இன்று ராத்திரி எடுத்துப் படித்தால் தூங்கவிடாத புத்தகமா? இன்னொரு பிரச்சினையும் உண்டு. லவ்கிராஃப்ட் வேண்டவே வேண்டாம் என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் உறுதியாக நிற்கிறார், அந்த எழுத்தாளரின் இனவெறிதான் காரணம் என்கிறார், அதை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒற்றைப்பனை:

நல்ல கேள்வி. என் பக்கத்து அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: திகிலின் உச்சம் சிறுகதையில்தான் இருக்கிறது. நாவலில் நானூறு பக்கத்துக்குப் பயத்தை இழுத்துப் பிடிப்பது ரொம்பச் சிலருக்கே கைவந்திருக்கிறது. ஒரே இருப்பில் படித்து முடிக்கும்போதுதான் படைப்பு முழு வேகத்தோடு இறங்கும் என்று போ 1846-லேயே எழுதிவைத்தார், அதை அவரே செய்தும் காட்டினார். 'தி டெல்-டேல் ஹார்ட்' கையில் எடுத்தால் ஐந்தாறு பக்கம்தான். நான் பைத்தியம் இல்லை, நான் பைத்தியம் இல்லை என்று ஒருவன் நம்மிடம் வாதாடிக்கொண்டே கொலையை விவரிக்கிறான், அவன் எவ்வளவு நிதானமாகப் பேச முயல்கிறானோ அவ்வளவுக்கு நமக்குக் குளிரெடுக்கிறது.

எல்லாவற்றிலும் கச்சிதமானது எது என்று கேட்டால் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல் எழுதிய 'தி மங்கிஸ் பா'. ஜேக்கப்ஸ் பெரும்பாலும் கப்பல்காரர்களை வைத்துச் சிரிப்புக் கதைகள் எழுதியவர், ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த ஒன்றை. இந்தியாவில் ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்த காய்ந்த குரங்குக் கை, மூன்று வரம். வயதான தம்பதி முதல் வரமாக 200 பவுண்டு கேட்கிறார்கள். பணம் வருகிறது, மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செத்ததற்கு நிறுவனம் கொடுக்கும் தொகையாக. அடுத்து அந்தத் தாய் என்ன கேட்பாள் என்பது தெரிந்ததுதானே. ராத்திரி கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளைத் திறக்கப் போராடுகிறாள், அப்பா தரையில் தவழ்ந்து அந்தக் கையைத் தேடுகிறார். கதவு திறக்கும்போது வெளியே வெறும் தெருதான். வாசலில் நின்றது எந்த நிலையில் இருந்தது என்று ஜேக்கப்ஸ் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. இயந்திரம் அந்த உடம்பை என்ன செய்திருக்கும், புதைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரித் தலைவராக இருந்தவர், பழைய கையெழுத்துப் பிரதிகளில் பெரிய அறிஞர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசித்துக் காட்டத்தான் பேய்க்கதைகளை எழுதினார். 1904-ல் வந்த முதல் தொகுப்பில் 'ஓ, விசில், அண்ட் ஐ'ல் கம் டு யூ, மை லாட்' என்ற கதை இருக்கிறது. பேய் பிசாசு எதையும் நம்பாத பேராசிரியர் ஒருவர் கடற்கரை இடிபாட்டில் ஒரு பழைய விசிலை எடுக்கிறார். வருவது யார் என்று அதில் லத்தீனில் பொறித்திருக்கிறது. ஊதிப் பார்க்கிறார். அவர் அறையில் இரண்டு கட்டில், ஒன்றில் யாரும் படுப்பதில்லை. இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

ஆறில் ஒரு மாதத்தையாவது சிறுகதைகளுக்கு ஒதுக்குங்கள், அதை முதல் மாதமாக வையுங்கள்.

---

மணிமுள்:

டிராகுலாவை எடுத்துவிடாதீர்கள் நண்பரே. அந்த ரயில் நேரம்தான் நாவலின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

ஹார்க்கர் கோட்டையில் ஒருநாள் பிரபுவைப் பார்க்கும்போது அவர் சோபாவில் சாய்ந்து என்ன படித்துக்கொண்டிருப்பார், ஞாபகம் இருக்கிறதா? இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணை. நூற்றாண்டுகள் பழைய ஒன்று லண்டனுக்குக் குடிபெயர எல்லா ஏற்பாட்டையும் செய்துகொண்டிருக்கிறது, வக்கீல் வைத்து வீடு வாங்குகிறது, உச்சரிப்பைத் திருத்திக்கொள்கிறது. எதிரில் ஹார்க்கரின் மனைவியாகும் மீனாவும் ரயில் அட்டவணையை மனப்பாடமாக வைத்திருப்பவள். டயரி, கடிதம், தந்தி, பத்திரிகைத் துண்டு, ஃபோனோகிராஃபில் பதிவு செய்த டாக்டரின் குறிப்பு என்று சிதறிக் கிடப்பதையெல்லாம் அவள்தான் தட்டச்சு செய்து வரிசையாக அடுக்குகிறாள், அந்த அடுக்குதான் நம் கையில் இருக்கும் நாவல். மீனாவின் தோழி லூசி ஏன் வெளுத்துப்போகிறாள் என்று அவளைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். பக்கத்தில் நின்று கத்த முடியாத தவிப்பு அது. எனக்கு அதுவும் பயம்தான்.

அப்புறம் டிராகுலாவை இங்கிலாந்துக்கு ஏற்றிவரும் கப்பலின் தலைவனுடைய நாட்குறிப்பு. ஒருவர் பின் ஒருவராக மாலுமிகள் காணாமல் போகிறார்கள், கடைசியில் அவர் தன்னைச் சுக்கானோடு கட்டிக்கொள்கிறார். ஸ்டோக்கர் அந்தக் கோட்டை இருப்பதாகச் சொல்லும் திரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை. ஆனால் 1890-ல் இங்கிலாந்தில் விட்பி என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தார், டிராகுலா என்ற பெயரையே அங்கே நூலகத்தில் எடுத்த ஒரு பழைய புத்தகத்தில்தான் பார்த்தார். 1885-ல் அங்கே தரைதட்டிய ரஷ்யக் கப்பலின் கதையையும் அங்கேதான் கேட்டார். கோட்டைப் பகுதி கற்பனை, கப்பல் பகுதி அவர் நின்று பார்த்த கரை. அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை தனியாகப் படித்துப் பாருங்கள்.

---

வேம்புநிழல்:

இத்தனை பேர் பேசியும் ஷெர்லி ஜாக்சன் பெயர் வரவில்லையே. கருக்கல், உங்கள் ஆறில் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால்கூட நான் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலைத்தான் வைப்பேன், 1959-ல் வந்தது, இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான்.

வெளியே சொன்னால் சாதாரணக் கதை. பேய் வீடு என்று பெயர் எடுத்த ஒரு மாளிகை, அதை ஆராய ஒரு டாக்டர் சிலரை வரவழைக்கிறார், வந்தவர்களில் ஒருத்தி எலினார். 32 வயது. பதினோரு வருஷம் நோயாளித் தாய்க்குப் பணிவிடை செய்தே இளமை போய்விட்டது. தாய் இறந்த பிறகு அக்கா வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறாள். தன்னை ஒரு இடத்துக்கு யாரோ அழைத்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷம். அந்த வீடு அவளைப் பார்த்துவிடுகிறது. சுவரில் அவள் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வா என்று எழுத்து வருகிறது. மற்றவர்கள் பயப்படுகிறார்கள், எலினாருக்கோ பயத்தோடு கூடவே வேறொன்றும் வருகிறது. யாராவது ஒருவராவது தன்னை வேண்டும் என்று கேட்டார்களே என்கிற ஒன்று. அதைப் படித்தபோது என் நெஞ்சு அடைத்துவிட்டது. வீட்டில் முடங்கிப்போன எத்தனை பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். பேய் இருக்கிறதா, எல்லாம் எலினாரிடமிருந்தே கிளம்புகிறதா என்று ஜாக்சன் கடைசிவரை சொல்வதில்லை, எப்படி எடுத்தாலும் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். இருட்டு. பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுகிற சத்தம். எலினார் தன் தோழி தியோடோராவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், அந்தக் கை அவள் கையை நொறுக்குகிற மாதிரி பிடித்திருக்கிறது. கடைசியில் அவள் கத்தியதும் விளக்கு எரிகிறது. தியோடோரா எட்ட இருக்கிற கட்டிலில் இப்போதுதான் விழித்து எழுகிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் நான் யார் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எலினார் கேட்கிறாள். ரத்தம் இல்லை, உருவம் இல்லை, ஒரு கை மட்டும். பதினைந்து வருஷம் ஆகிறது இதைப் படித்து, இன்னும் போர்வைக்கு வெளியே கையைத் தொங்கவிட்டுத் தூங்க என்னால் முடியவில்லை.

'தி லாட்டரி' சிறுகதையும் இவருடையதுதான், ஒரு கிராமம் வருஷா வருஷம் நடத்தும் கொடூரமான குலுக்கல் சடங்கு பற்றியது. 1948 ஜூனில் 'நியூயார்க்கர்' இதழில் வந்தது, அந்தக் கோடை முழுக்க ஜாக்சனுக்குக் கடிதம் கடிதமாகக் குவிந்தது, நிறைய வசவு. அவரை அதிர வைத்தது வேறு ஒரு வகைக் கடிதம்: இந்த மாதிரிச் சடங்கு எந்த ஊரில் நடக்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டு வந்தவை. 48 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். தன் காலத்தில் உரிய இடம் கிடைக்காமலே.

---

கருக்கல்:

எல்லோருக்கும் நன்றி. ஒற்றைப்பனை அண்ணா, நேற்று ராத்திரி குரங்குக் கை கதையைப் படித்தேன், வீட்டம்மாவுக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். கதவு தட்டும் இடத்தில் போதும் நிறுத்துங்கள் என்றுவிட்டாள், காலையில் எழுந்ததும் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். மணிமுள் சொன்னபடி அந்தக் கப்பல் பகுதியையும் திரும்பப் படித்தேன், 'டிராகுலா' இருக்கட்டும். லவ்கிராஃப்ட் பற்றித்தான் யாரும் இன்னும் பேசவில்லை.

---

நெடுஞ்சாலை:

லவ்கிராஃப்ட் பற்றி நான் சொல்கிறேன், கல்லூரிக் காலத்திலிருந்து படித்துவருகிறேன்.

உங்கள் நண்பர் சொல்வது சரி. கறுப்பர்கள் மேலும் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் மேலும் அவருக்கு இருந்த வெறுப்பு கடிதங்களில் அப்பட்டமாகக் கிடக்கிறது. கடிதத்தோடு நின்றிருந்தால் ஒதுக்கிவைத்துப் படிக்கலாம், ஆனால் கதைக்குள்ளேயே வருகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்த குடியேறிகளையே அரக்கக் கூட்டமாகக் காட்டும் கதை ஒன்று உண்டு, 'தி ஹாரர் அட் ரெட் ஹுக்'. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்வார்கள், அதை நான் ஏற்கவில்லை, அந்தக் காலத்துக்கே அவருடைய வெறுப்பு அதிகம். உலக ஃபேன்டசி விருதின் கோப்பை பல காலம் அவர் தலை வடிவத்தில்தான் இருந்தது. விருது வாங்கிய கறுப்பின எழுத்தாளர்களே இதை எப்படி வீட்டில் வைப்பது என்று கேட்ட பிறகு 2015-ல் அந்த வடிவத்தைக் கைவிட்டார்கள். சரியான முடிவு.

ஆனாலும் திகிலின் வரலாற்றை அவரை விட்டுவிட்டுப் பேசவும் முடியாது. அவருக்கு முன்னால் பேய் என்றால் ஏதோ ஒரு பாவத்துக்குக் கூலி, அல்லது பழிவாங்கல். மனிதன் என்று ஒருவன் இருப்பதே தெரியாத, தெரிந்தாலும் பொருட்படுத்தாத பிரம்மாண்டம் என்கிற பயத்தை முழுசாக வடித்துக் காட்டியவர் இவர். 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' (1927) படியுங்கள். ஒரு விவசாயியின் நிலத்தில் விண்கல் விழுகிறது. அதற்குள் இருந்தது ஒரு நிறம், நமக்குத் தெரிந்த எந்த நிறத்திலும் சேராதது. அந்த வருஷம் பழங்கள் பெரிதாகப் பளபளவென்று காய்க்கின்றன, வாயில் வைத்தால் கசப்பு. செடி, மாடு, மனிதர் எல்லாம் சாம்பல் நிறமாகிப் பொடிந்து உதிர்கின்றன. தண்ணீர் கெட்டுவிட்டது என்று தெரிந்தும் அந்தக் குடும்பம் அதே கிணற்றில் குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறது. வேறெங்கே போவார்கள்? நிலம் அங்கேதானே இருக்கிறது. என் சொந்த ஊரில் ஆலைக் கழிவு இறங்கிய கிணறுகள் உண்டு, அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கிணறுகள் கண்முன்னே வந்துவிடும்.

1937-ல் 46 வயதில் வறுமையில் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து நண்பர்கள் ஒரு பதிப்பகம் தொடங்கி அவர் கதைகளைப் புத்தகமாக்கியிருக்காவிட்டால் பழைய மலிவுப் பத்திரிகைகளோடு மக்கிப் போயிருக்கும்.

என் யோசனை இது. அந்த மாதத்துக்கு இரண்டு படைப்பு வையுங்கள். ஒன்று 'கலர்', இன்னொன்று விக்டர் லவால் 2016-ல் எழுதிய குறுநாவல் 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்'. நியூயார்க்கில் வளர்ந்த கறுப்பின எழுத்தாளர் அவர், அந்த ரெட் ஹுக் கதையையே எடுத்து ஒரு கறுப்பு இளைஞனின் பக்கமிருந்து திருப்பி எழுதியிருக்கிறார். சிறுவயதில் லவ்கிராஃப்ட்டை நேசித்துப் படித்து, வளர்ந்த பிறகு அந்த வரிகள் தன்னைப் பற்றியவை என்று உணர்ந்தவரின் எழுத்து. உங்கள் நண்பரையே அன்று முதலில் பேசச் சொல்லுங்கள்.

---

தூறல்:

லவ்கிராஃப்ட் வாக்கியங்கள் எனக்கு ரொம்பக் கனம், ஆனால் மேலே சொன்ன யோசனை அருமை. வழிமொழிகிறேன்.

---

மகளின்அப்பா:

'ஷைனிங்' நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் கிங் எழுதியதில் ஒன்றுதான் என்றால் 'பெட் செமட்டரி' (1983). இதை நான் இரண்டு தடவை படித்தேன், இரண்டும் வேறு வேறு புத்தகம் மாதிரி இருந்தன. (கதையின் முக்கியமான இடம் ஒன்றைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

முதல் தடவை எனக்கு 21 வயது. காட்டுக்குள் ஒரு பழைய இடுகாடு, அங்கே புதைத்தால் செத்தது திரும்பி வரும், ஆனால் போன மாதிரி வராது. முதலில் பூனை வருகிறது. மேலே மண் வாடை, கண்ணில் ஒரு மந்தம். பூனைக்குத்தான் பயந்தேன், ஹாஸ்டலில் ஒரு வாரம் பூனையைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனேன்.

இரண்டாவது தடவை 36 வயதில். மகளுக்கு நாலு வயசு, டெங்கு வந்து மருத்துவமனையில் ஆறு நாள் இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தோம். தட்டணுக்கள் இறங்கி இறங்கி வந்த அந்த இரண்டு ராத்திரியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் யாரிடம் என்னவெல்லாம் பேரம் பேசினேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்த மனநிலையில் இதை ஏன் கையில் எடுத்தேனோ. லூயிஸ் என்ற அந்த டாக்டரின் சின்ன மகன் லாரி ஓடும் சாலையை நோக்கி ஓடுகிறான். அதற்குப் பிறகு ஒரு அத்தியாயம் வருகிறது. அப்பா கடைசி நொடியில் மகனைப் பிடித்துவிட்டதாக, அவன் வளர்ந்ததாக, நீச்சல் வீரனாகி ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதாக வரிசையாகப் போகிறது. நானும் மூச்சு விட்டேன். முடிவில் அத்தனையும் அந்த அப்பாவின் கனவு, குழந்தையின் தொப்பி மட்டும்தான் மிச்சம். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு உள்ளே போய் மகள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்த்தேன். மூன்று வாரம் அதைத் தொடவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று கிங்கே எழுதியிருக்கிறார். மெய்ன் மாநிலத்தில் ஒரு பெரிய சாலை ஓரத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள், லாரிகள் இடைவிடாமல் போகும் சாலை. பக்கத்துப் பிள்ளைகள் சாலையில் அடிபட்ட நாய் பூனைகளைப் புதைக்க ஒரு இடமே வைத்திருந்தார்கள். மகளின் பூனையையும் அங்கேதான் புதைத்தார்கள். அவருடைய சின்ன மகன் ஒருநாள் அந்தச் சாலையை நோக்கி ஓடியிருக்கிறான், நூலிழையில் தப்பினான். தப்பாமல் போயிருந்தால் என்று யோசித்து எழுதியதுதான் நாவல். எழுதி முடித்த பிறகு இது அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று அலமாரியில் போட்டுவிட்டார், பதிப்பகத்துக்கு ஒரு புத்தகம் பாக்கி இருந்ததால்தான் வெளியே வந்தது.

லூயிஸ் செய்வது தப்பு என்று அவனுக்கே தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பும்போது நான் தடுக்கவில்லை. நானும் போயிருப்பேன். என்னைப் பற்றி அப்படி ஒன்றை எனக்குக் காட்டிய வேறு புத்தகம் இல்லை.

---

வேம்புநிழல்:

மகளின்அப்பா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள்தானே?

நீங்கள் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. குரங்குக் கை கதையில் வரும் தாயும் அதைத்தான் கேட்கிறாள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லிக்கு முதல் குழந்தை 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் பிறந்தது, பெயர் வைப்பதற்குள் இறந்துவிட்டது. மார்ச் மாத நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதியிருக்கிறார்: குழந்தை சாகவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டோம், உயிர் வந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. அப்போது அவருக்கு 17 வயது. அவரைப் பெற்ற தாயும் அவர் பிறந்த சில நாட்களிலேயே இறந்தவர். மறு வருஷம் ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில், மழை விடாமல் பெய்த அந்தக் கோடையில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் சொன்னதும் இவர் எழுதத் தொடங்கியது செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கும் கதை.

ஆன் ரைஸ் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' (1976) நாவலை ஆறு வயதுகூட ஆகாத மகளை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த பிறகு எழுதினார். அதில் ஐந்து வயதிலேயே நின்றுவிட்ட, சாகாத ஒரு பெண் குழந்தை வருகிறாள். டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) நாவலில் திரும்பி வருவதும் மகள்தான். அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் தாயே கொன்ற மகள். அந்த நாவலைத் திகில் வரிசையில் சேர்க்கக் கூடாது என்பார்கள், நான் சேர்ப்பேன்.

கருக்கல், நீங்கள் எதை வைத்து அளப்பது என்று கேட்டீர்கள். பயத்துக்கு அடியில் எழுதியவருடைய துக்கம் கிடக்கிறதா என்று பாருங்கள். என் மனதில் நின்ற புத்தகங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

---

கீழைக்காற்று:

எல்லாம் சரி, ஆனால் மேலே வந்த எல்லாப் பெயரும் ஆங்கிலம். கொஞ்சம் வெளியே வாருங்கள்.

பிரெஞ்சில் மாப்பசானின் 'லே ஹோர்லா' (1887). டயரி வடிவம். ராத்திரி படுக்கைப் பக்கத்தில் வைக்கும் தண்ணீரை யாரோ குடித்துவிடுகிறார்கள், அறை பூட்டியிருக்கிறது. ஒருநாள் கண்ணாடி முன் நிற்கிறார், தன் பிம்பம் தெரியவில்லை, நடுவில் ஏதோ நிற்கிறது. மாப்பசான் அப்போதே நோயாளி, 1893-ல் மனநோய் விடுதியில் இறந்தார். ஜப்பானில் எடோகாவா ராம்போ. அந்தப் பெயரைக் கடகடவென்று சொல்லிப் பாருங்கள், எட்கர் ஆலன் போ என்று வரும், அதற்காகவே வைத்துக்கொண்ட புனைபெயர். அவருடைய 'மனித நாற்காலி' (1925) கதையில் ஒரு பெண் எழுத்தாளருக்கு முன்பின் தெரியாத ஒருவனிடமிருந்து கடிதம் வருகிறது, படிக்கப் படிக்க அவள் தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறாள். வங்காளத்தில் தாகூரின் 'பசித்த கற்கள்' (1895), இளைஞராக அகமதாபாத் அரண்மனை ஒன்றில் தங்கியிருந்த அனுபவத்திலிருந்து வந்தது. அர்ஜென்டினாவின் மரியானா என்ரிக்கெஸ் இன்று எழுதுபவர்களில் எனக்கு முதல் இடம். 2019-ல் ஸ்பானிய மொழியில் வந்த பெரிய நாவல் ஆங்கிலத்தில் 'அவர் ஷேர் ஆஃப் நைட்' என்று கிடைக்கிறது. ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானவர்கள் காணாமல் போன நாட்டில் இருட்டுக்குள் மனிதர்களை இழுத்துக்கொள்ளும் ஒன்றைப் பற்றி எழுதினால் அது வெறும் கற்பனையாக எப்படி இருக்கும்?

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. மேரி ஷெல்லியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? புதுமைப்பித்தன், 'பிரேத மனிதன்' என்று சுருக்கி எழுதினார். ஆங்கிலம் சிரமம் என்பவர்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால் அதைத் தேடிக் கொடுங்கள். அவருடைய 'காஞ்சனை' (1943) உலகத்துப் பேய்க்கதைகள் எதனோடும் சேர்த்து வைக்கத் தகுந்தது. பிச்சைக்காரி ஒருத்தி வீட்டுக்குள் வருகிறாள், மனைவி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள், ராத்திரியில் ஒரு வாசனை வருகிறது. அவ்வளவுதான் கதை, ஆனால் சொல்பவரே ஒரு எழுத்தாளர், தான் பார்த்ததை நம்புவதா வேண்டாமா என்று அவருக்கே பிடி கிடைப்பதில்லை. உங்கள் சிறுகதை மாதத்தில் இது கட்டாயம் வேண்டும்.

---

மகளின்அப்பா:

நன்றாக இருக்கிறாள் அக்கா, இப்போது மூன்றாம் வகுப்பு. மேரி ஷெல்லியின் கனவு எனக்குத் தெரியாது, இன்று முழுக்க அதே நினைப்பாக இருக்கிறது.

---

கருக்கல்:

மூன்று நாளாக இந்த இழையைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். முடிவு செய்துவிட்டேன்.

முதல் மாதம் சிறுகதைகள்: 'மங்கிஸ் பா', 'டெல்-டேல் ஹார்ட்', ஜேம்ஸின் விசில், 'லே ஹோர்லா', 'காஞ்சனை'. அடுத்து 'ஃபிராங்கன்ஸ்டைன்', ஆங்கிலம் வராத மூன்று பேருக்குப் 'பிரேத மனிதன்'. மூன்றாவது 'டிராகுலா'. நான்காவது 'ஹில் ஹவுஸ்'. ஐந்தாவது 'கலர்' கதையும் 'பிளாக் டாம்' குறுநாவலும் சேர்த்து, நெடுஞ்சாலை சொன்ன மாதிரியே. எங்கள் நண்பரிடம் கேட்டேன், அப்படியானால் நானே முதலில் பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். கடைசி மாதம் 'பெட் செமட்டரி'.

'எக்ஸார்சிஸ்ட்' போனதில் எனக்கு வருத்தமில்லை, அதன் பயத்தில் பாதி எனக்குப் படத்திலிருந்து வந்தது என்று திரும்பப் படித்தபோது தெரிந்தது. 'ஷைனிங்' போனதில் வருத்தம் உண்டு. என்ரிக்கெஸ் நாவலை மாதம் ஒன்றுக்குள் முடிக்க முடியாது, அதனால் விட்டேன், எனக்காகத் தனியாக வாங்கிவைத்துவிட்டேன். 'பிலவட்' பற்றி இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

'பெட் செமட்டரி' விஷயத்தில் ஒன்று மட்டும் செய்தேன். எங்கள் வட்டத்தில் ஒரு தம்பதி இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் வீட்டுக்கே நேரில் போய் இன்ன கதை இது, வேண்டாம் என்றால் மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மாற்ற வேண்டாம் தம்பி, நாங்கள் படிக்கிறோம், அன்று வருவோமா இல்லையா என்று மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார். சரி அம்மா என்று எழுந்து வந்தேன்.

முதல் கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிறு, மாலைக்குப் பதிலாக இரவு எட்டு மணிக்கு. விசில் கதையை ஜேம்ஸ் வாசித்த மாதிரியே ஒரே ஒரு மெழுகுவத்தியில் வாசிக்கப் போகிறோம். எப்படிப் போயிற்று என்று வந்து எழுதுகிறேன்.